பரணில் கிடக்கும் கேசட், சிடி, வீடியோ டேப்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

போன தை மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தேன். கேசட் 214, விசிடியும் டிவிடியும் சேர்ந்து முன்னூறுக்கு மேல், வீடியோ கேசட் 17, எல்பி ரெக்கார்டு என்ற பழைய இசைத்தட்டு 26. இறக்கி, பிரித்து, கேட்டு, பதிவு செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. இப்போது மிச்சம் இருப்பது இரண்டு பெட்டிதான். அந்த இரண்டு பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும்.

இதே வேலையை 2008-ல் ஒருமுறை தப்பாகச் செய்தோம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு சாக்கு நிறைய கேசட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். எல்லாம் சினிமாப் பாட்டு, ரேடியோவிலேயே வருகிறதே என்று நினைத்தோம். எங்கள் தாத்தா திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்ததை மாமா பதிவு செய்து வைத்திருந்தார். அது ஒரு சினிமாப் பாட்டுக் கவருக்குள் இருந்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து மாமா வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. தாத்தாவின் குரல் வேறு எங்கும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: இதே பதிவு உலகத்தில் வேறு யாரிடமாவது இருக்குமா? இருக்கும் என்றால் தைரியமாக விடலாம். இருக்காது என்றால், கவர் கிழிந்திருந்தாலும் பூஞ்சை பிடித்திருந்தாலும் அதுதான் முதலில் காப்பாற்ற வேண்டியது. விலை, அபூர்வம், வாங்கிய வருடம் எல்லாம் அப்புறம்.

எப்போது ஆரம்பிப்பது

நம் ஊரில் இதற்கு ஏற்ற காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் இருக்கும் ஈரம் போதும், டேப்பில் பூஞ்சை வளர. கோடை உச்சத்திலும் வேண்டாம், பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும். பொங்கல் முடிந்து பங்குனி வரைக்கும் உள்ள உலர்ந்த நாட்களில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள்.

பொங்கல் என்றதும் இன்னொன்று. போகியன்று பழையதைக் கொளுத்தும் வழக்கத்தில் கேசட்டையும் ரெக்கார்டையும் நெருப்பில் போட்டுவிடாதீர்கள். எல்பி ரெக்கார்டு பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் கலந்த புகை வரும். குழந்தைகள் சுற்றி நின்று மேளம் அடிக்கும் இடத்தில் அந்தப் புகை வேண்டவே வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: முகக்கவசம், ஆறு பட்டைப் பென்சில் ஒன்று (கேசட் சக்கரத்தில் விட்டுச் சுற்ற), மிகச் சின்ன ஸ்க்ரூடிரைவர், காது குடையும் காட்டன் பட்ஸ், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி, மார்க்கர், ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டை மறக்காதீர்கள். மூன்றாவது நாளே எது எந்தக் கேசட் என்று குழம்பிப்போகும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்

பரண், கட்டிலுக்கு அடியில், பீரோவின் மேல்தட்டு, டிவி ஷோகேஸ், பழைய சூட்கேஸ், அம்மாவின் டிரங்குப் பெட்டி. இருக்கிற எல்லா இடத்திலிருந்தும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து எண்ணுங்கள். அறை அறையாகச் செய்தால் முடியவே முடியாது. எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்தால்தான் வீட்டில் இருப்பவர்களும் ஒத்துழைப்பார்கள்.

ஒவ்வொரு கவரையும் திறங்கள். ஒன்றுகூட விடாமல். எங்கள் வீட்டில் பாதிக் கேசட்டுக்கு மேல் வேறு கவரில் இருந்தன. பக்திப் பாட்டுக் கவரில் ஆங்கிலம் கற்கும் கேசட், அந்தக் கவரில் சித்தியின் பூப்பு நீராட்டு விழா.

மூன்று குவியல்

முதல் குவியல், வீட்டில் பதிவானவை: குரல், கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, கோயில் கச்சேரி, கூத்து, வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட். இரண்டாவது, கடையில் வாங்கியவை. மூன்றாவது, சந்தேகம். இந்த மூன்றாவது குவியலில்தான் பொக்கிஷம் ஒளிந்திருக்கும். அவசரப்படாமல் பாருங்கள்.

கேசட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னத் தாழ் மாதிரி பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அல்லது அது இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். துண்டு இருந்தால் அதில் பதிவு செய்யலாம், உடைத்துவிட்டால் பதிவு ஏறாது. பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடது ஓரத் துண்டு அந்தப் பக்கத்துக்கு உரியது. கம்பெனியிலிருந்து பாட்டோடு வந்த கேசட்டில் பொதுவாக இரண்டு பக்கமும் ஓட்டைதான் இருக்கும். அந்த ஓட்டை மேல் யாராவது செலோடேப் ஒட்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். பாட்டை அழித்து அதன்மேல் வேறு எதையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லேபிளில் என்ன அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள், முதல் குவியலில் போடுங்கள்.

சோனி, டிடிகே, மெல்ட்ராக் என்று வெற்றுக் கேசட்டாக வாங்கியவை எல்லாமே சந்தேகக் குவியல். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி வந்த தலைமுறை அது. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. பாட்டு முடிந்து கடைசியில் ஐந்து நிமிடம் டேப் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில்தான் நம் வீட்டு ஆட்கள் பேசிப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது. அப்பா கையெழுத்தில் ‘1986 ஹிட்ஸ்’ என்று எழுதிய சி-60. இரண்டாவது பக்கம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்ததும் ஒரு கரகரப்பு. அப்புறம் அப்பாயியின் குரல். பண்ருட்டி அக்கா வீட்டிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது போல. "கைல எண்ணெயத் தடவிக்கிட்டு அறுடி, பிசினு ஒட்டும்" என்று யாரையோ அதட்டுகிறார். பின்னால் ஒரு நாய். அப்புறம், "டேய், அத நிறுத்துடா, பேட்டரி தீந்துரும்." அவ்வளவுதான், ஐம்பது விநாடிகூட இல்லை. அப்பாயி 1994-ல் போய்விட்டார். அப்பா அதை நாலு முறை திருப்பிப் போடச் சொன்னார். பிறகு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஆகவே சந்தேகக் குவியலில் உள்ள எதையும் கேட்காமல் எறியாதீர்கள். முழுக்கக் கேட்க நேரமில்லை என்றால் இரண்டு பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தையாவது கேளுங்கள்.

பூஞ்சை, வெள்ளம், உப்புக்காற்று

கடலூர், புதுச்சேரியில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது, அதற்குப் பின்னாலேயே தென்பெண்ணை பெருகி வந்தது. தரைத்தட்டில் வைத்திருந்தவை எத்தனை வீட்டில் நனைந்திருக்கும்!

கேசட்டின் நடுக் கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். டேப் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரே சீராகத் தெரிய வேண்டும். விளிம்பில் மாவு தூவிய மாதிரி வெள்ளை தெரிந்தால் பூஞ்சை. வீடியோ கேசட்டில் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முன்மூடி தூக்கும், உள்ளே பார்க்கலாம். பூஞ்சை பிடித்ததை மெஷினில் போடவே கூடாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே எழுதி ஒதுக்குங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், டேப் சுருங்கி வளைந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வைத்தால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். அதன் பிறகு கேசட்டைத் திறந்து, திறந்த வெளியில் முகக்கவசத்தோடு, உலர்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்தபடி சுற்றி எடுக்க வேண்டும். மிக முக்கியமான பதிவு என்றால் நீங்களே கை வைக்காமல் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

வெள்ளத்தில் இப்போதுதான் நனைந்தது என்றால் கதை வேறு. சேறு காய்ந்து இறுக விடாதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் ஆற விடுங்கள். ஹேர் டிரையர் கூடாது.

போட்டுக் கேட்பது எப்படி

வீட்டில் கிடக்கும் பழைய டேப் ரெக்கார்டரை நேராக ஆன் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் தொய்ந்திருக்கும், சிலதில் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். முதலில் ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மஞ்சக்குப்பம் பக்கம் எனக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். டிவி ரிப்பேரே குறைந்துபோன காலத்தில் இந்த வேலையை ஆசையாகச் செய்து கொடுத்தார். பெல்ட் மாற்றி, காட்டன் பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்தாலே சத்தம் பாதி தெளிந்துவிடும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளையை லேசாக ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

முதலில் போட வேண்டியது, போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை. அது கடிபடாமல் ஓடினால்தான் அப்பாயியைப் போட வேண்டும். வருடக்கணக்கில் ஓடாத டேப்பை முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்ப ஒருமுறை முதலுக்குச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்ட சுருள்கள் பிரியும். சி-120 கேசட்டில் டேப் மிக மெல்லிசு. அதை வேகமாகச் சுற்றாமல் பென்சிலால் சுற்றுங்கள்.

ஓடுகிறது, ஆனால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் கேசட்டின் அடிவாயைப் பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கலாம். ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கி, வேண்டாத ஒரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி வைத்தால் சரியாகிவிடும். இதற்காகவே நல்ல நிலையில் உள்ள வேண்டாத கேசட் நாலைந்தை ஒதுக்கி வையுங்கள். டேப் அறுந்திருந்தால் சாதாரண செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும்.

கணினியில் ஏற்றுவது

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர், அதை வாங்கி யுஎஸ்பியில் கணினிக்குக் கொடுக்கும் ஒரு சின்ன ஆடியோ கருவி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள். இவ்வளவு போதும். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் சொருகாதீர்கள், பெரும்பாலும் ஒற்றைக் காதுச் சத்தமும் இரைச்சலும்தான் வரும்.

44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நின்றால் நல்லது. சிவப்பைத் தொட்டு வெட்டுப்பட்ட சத்தத்தை அப்புறம் சரிசெய்யவே முடியாது. வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி பிடிக்கும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், நகலில் செய்யுங்கள்.

இதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தினமும் இரவுச் சமையல் நேரத்தில் ஒன்று என்று நான் வைத்துக்கொண்டேன். பதிவு செய்தது 41 கேசட், 41 நாள்.

ஓடும்போது பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த வேலையிலேயே நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஒரு கேசட்டில் தாலாட்டுப் பாடுவது யார் என்று எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. நெல்லிக்குப்பம் அத்தை வந்து இரண்டு வரி கேட்டதும், "ஐயோ, இது நம்ம தனம் சித்திதாம்மா!" என்றார். அத்தைக்கு வயது 81. டேப் இன்னும் பத்து வருடம் தாங்கும். பாடியவர் இன்னார் என்று சொல்ல அத்தையை விட்டால் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அவர் சொன்னதை அன்றே கோப்பின் பெயரில் எழுதினேன்: வருடம், ஊர், யார், என்ன.

வீடியோ கேசட்டை ஓட்டும் விசிஆர் மெஷின் கிடைப்பதுதான் சிரமம். கிடைத்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் சொருகி, நம் நாட்டு டிவி முறையான பால் (PAL), படத்தின் அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 பிரேம் என்று தேர்ந்தெடுங்கள். கடையில் கொடுத்து மாற்றுவதாக இருந்தால், கோப்பாக பென்டிரைவில் கேளுங்கள். முழு நீளமும் இருக்கிறதா என்று கடைசி வரை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் இருக்கும் சொந்தங்கள் அனுப்பிய கல்யாண வீடியோ நம் விசிஆரில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் டேப் கெட்டுப்போய்விட்டது என்று எறியாதீர்கள். பிரான்ஸில் அப்போது செக்காம் (SECAM) என்ற வேறு முறை, நம் நாட்டில் பால். வண்ணம் டேப்பில் பத்திரமாக இருக்கும். செக்காமும் ஓடும் மல்ட்டி சிஸ்டம் விசிஆரில் போட்டால் வண்ணத்தோடு வரும். நம் விசிஆரில் போட்டு, கறுப்பு வெள்ளையிலேயே கோப்பாக்கிவிட்டு அசலை எறிந்துவிட்டால் அந்த வண்ணம் நிரந்தரமாகப் போய்விடும்.

சிடி, டிவிடி, விசிடி

கடையில் வாங்கிய படங்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. ஒரு படம் இரண்டு மூன்று விசிடியாக வந்த காலம் போய்விட்டது, விட்டுவிடலாம்.

வீட்டில் எழுதிய சிடி, டிவிடிதான் அவசரம். கேசட்டுக்கும் முன்னால் இவற்றைக் கணினியில் நகலெடுங்கள். எழுதும் தட்டில் பதிவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, சூட்டிலும் வெளிச்சத்திலும் அது வெளுக்கும். 2009-ல் என் அண்ணன் கல்யாண வீடியோவை மலிவான டிவிடியில் மாற்றி வாங்கிவிட்டு, இனி எதற்கு என்று டேப்பைத் தூக்கிப் போட்டோம். இன்று அந்த டிவிடி எந்த மெஷினிலும் படிக்கவில்லை. மாற்றியாகிவிட்டது என்பதற்காக அசலை எறியாதீர்கள். இரண்டு நகல் இரண்டு இடத்தில் இருக்கும் வரை அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளி விளிம்புக்கு நேர்கோட்டில். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. சிடியில் படம் அச்சடித்த மேல்பக்கம்தான் மென்மையானது. உலோகப் படலம் அந்தப் பூச்சுக்கு உடனடியாகக் கீழே இருக்கிறது, அங்கே விழும் கீறலைச் சரிசெய்ய முடியாது.

ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த சிடிகளும் இந்தக் குவியலில் கலந்திருக்கும். அவற்றை ரிப்போர்ட்டோடு சேர்த்துத் தனி உறையில் வையுங்கள்.

ரெக்கார்டுகள்

எல்பியைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய கனமான ரெக்கார்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். அதை ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, அரக்கு அதில் கரையும். உலர்ந்த மென்துணி போதும்.

விற்பதானால் அட்டையோடு விற்றுவிடுங்கள், வாங்குபவர்கள் முதலில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு காலை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய பொருள் விரித்திருப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மொத்தமாகக் கொடுக்காமல், எடுத்துக்கொண்டு போனதைப் பட்டியலோடு காட்டினால் பேச்சு மரியாதையாக இருக்கும். எனக்கு 26-ல் 19 போனது. மிச்சம் 7 அப்பாவுக்கு, அதில் நான் தலையிடவில்லை.

விடுவதை எப்படி விடுவது

கடையில் வாங்கிய நல்ல கேசட்டுகளைக் கேட்கிற ஆள் இன்னும் இருக்கிறார்கள், பழைய காரில் டெக் வைத்திருப்பவர்கள், டீக்கடைக்காரர்கள். கேட்டுப் பாருங்கள். பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை, சிறு வெளியீடு ஏதாவது சேர்ந்து கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட தமிழ் அச்சுப் பொருட்களைத்தான் பாதுகாக்கிறது. பட்டியல் எழுதி முன்கூட்டியே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மீதி பிளாஸ்டிக் எடைக்கு. கேசட்டிலிருந்து டேப்பை உருவித் தனியாகவும் கூட்டைத் தனியாகவும் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். வயலில் பறவை விரட்ட டேப்பைக் கட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. காற்றில் அதிர்ந்து ரீங்காரம் போடும், உண்மைதான். ஆனால் அறுவடை முடிந்ததும் அதை யாரும் சுருட்டி எடுப்பதில்லை, துண்டு துண்டாக வரப்பில் கிடந்து மாட்டு வாய்க்குள் போகிறது. நான் கொடுக்க மாட்டேன். சொந்த விஷயங்கள் உள்ள சிடியை எறியும் முன் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிடுங்கள். சில்லு தெறிக்கும், துணி சுற்றி வெட்டுங்கள்.

மிஞ்சியதை வைப்பது

தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மேல், ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நேர் கீழே இல்லாமல், உள்அறைச் சுவரில். ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். ஸ்பீக்கர், இன்வெர்ட்டர் பக்கத்தில் வேண்டாம், காந்தம் பதிவை அழிக்கும். கேசட்டை முழுக்க ஒரு பக்கம் சுற்றி, நிறுத்திய வாக்கில், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக் கவரைப் பாழாக்கும். மேல் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை எல்லாம் உடைத்துவிடுங்கள், யாரும் தவறி மேலே பதிய முடியாது.

கணினிக் கோப்புகளில் ஒரு நகல் வீட்டு ஹார்டுடிஸ்க்கில், இன்னொன்று கடலுக்கும் ஆற்றுக்கும் தூரமாக. எங்களுடையது அண்ணனிடம் பெங்களூருவில் இருக்கிறது. வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு அவன் வரும்போது, இரண்டையும் சொருகித் திறக்கிறதா என்று பார்க்கிறோம்.

டப்பாவின் மூடி மேல் உள்ளே இருப்பதை மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். அப்படியே, டேப் ரெக்கார்டரை எடுத்து வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.